முதலாண்டு சமூகவியல்: முதல் வாரத்தை எதைக் கொண்டு தொடங்குவது?

பொன்னி
வணக்கம். பி.ஏ. சமூகவியல் முதலாண்டு, தமிழ் வழி, 40 பேர். பாதிப் பேருக்கு மேல் வேறு துறையில் இடம் கிடைக்காமல் வந்தவர்கள். பாடத்திட்டம் "பொருள், வரையறை, இயல்பு, எல்லை" என்று ஆரம்பிக்கிறது. அதைத் தொடங்கும் முன் 5 மணி நேரம் கையில் இருக்கிறது. கம்ப்யூட்டர் லேப் கிடையாது. கரும்பலகை உண்டு, ஜெராக்ஸ் எடுக்கலாம். அந்த 5 மணி நேரத்தில் என்ன செய்யவைக்கலாம்? "இதைப் படிச்சு என்ன பண்றது" என்று கேட்டால் நேர்மையாக என்ன சொல்வது? அனுபவக் கதை வேண்டாம், செய்முறை வேண்டும்.

வடகரையான்
வரையறையிலிருந்தே தொடங்குங்கள் மேடம். பிரெஞ்சு அறிஞர் ஓகஸ்ட் கோம்த் 1838இல் 'சமூகவியல்' என்ற சொல்லைக் கொண்டுவந்தது, பிரெஞ்சு சமூகவியலாளர் துர்கைம் 1895இல் முறையியல் நூல் எழுதியது, இந்தியாவில் 1919இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பேட்ரிக் கெடிஸ் தலைமையில் துறை தொடங்கியது, 1924இல் குர்யே பொறுப்பேற்றது. செமஸ்டர் தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்விகள் அங்கிருந்துதான் வரும். புதுமை செய்யப்போய் மதிப்பெண்ணைக் கோட்டைவிடக் கூடாது.

நெய்தல்
வடகரையான் சார் சொன்ன ஆண்டுகளை 20 நிமிடத்தில் பலகையில் எழுதிப்போட்டுவிடலாம். அதற்கு 5 மணி நேரம் எதற்கு? முதல் நாளே ஒரு படிவத்தைக் கையில் கொடுங்கள். தலைப்பு: குடித்தனம்.

அரைப் பக்கம் போதும். ஐந்தே கேள்விகள்:

1. நேற்று இரவு இந்தக் கூரையின் கீழ் தூங்கியவர்கள் எத்தனை பேர்?
2. ஒரே அடுப்பில் சமைத்ததைச் சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேர்?
3. ரேஷன் அட்டையில் பெயர் உள்ளவர்கள் எத்தனை பேர்?
4. பாகம் பிரிக்காத வீட்டிலோ நிலத்திலோ பங்கு உள்ளவர்கள் எத்தனை பேர்?
5. ஒவ்வொரு கேள்வியிலும் அடங்குகிறவர்களில் கணவன் மனைவி ஜோடி எத்தனை?

பெயர், முகவரி, சாதி, வருமானம் எதுவும் வேண்டாம். ஒவ்வொருவரும் தம் வீட்டுக்கு ஒன்று, வேறொரு வீட்டுக்கு ஒன்று என நிரப்பினால் மறுநாள் 80 தாள் வரும்.

இரண்டாம் மணி நேரம் பலகையில் நான்கு கட்டம் போடுங்கள்: கூரை, அடுப்பு, அட்டை, சொத்து. இரண்டோ அதற்கு மேலோ ஜோடிகள் இருந்தால் "கூட்டுக் குடும்பம்" என்று வைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டத்திலும் கோடு போட்டு எண்ணச் சொல்லுங்கள். நான்கு கட்டத்திலும் ஒரே எண் வராது. அட்டைக் கணக்கில் பொதுவாகக் குறையும். ஏனென்றால் மகனுக்குக் கல்யாணம் ஆனதும் அட்டையை மட்டும் தனியாகப் பிரித்துக்கொண்டு அடுப்பைப் பிரிக்காத வீடுகள் உண்டு. சொத்துக் கணக்கில் கூடும். அண்ணன் தம்பி மூவர் மூன்று ஊரில் இருந்தாலும் பத்திரம் இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கும்.

இந்த இடத்தில்தான் பாடம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பார்ப்பது அடுப்பை: வழக்கமாகச் சேர்ந்து வசித்து, பொதுவான சமையலில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடித்தனம். அப்படியானால் "கூட்டுக் குடும்பம் அழிந்துவிட்டது" என்று தொலைக்காட்சியில் பேசுகிறவர் எந்தக் கட்டத்தைப் பார்த்துப் பேசுகிறார்? சமூகவியலாளர் ஐ.பி. தேசாய் குஜராத்தின் மஹுவாவில் ஆய்வு செய்து, தனி அடுப்பு வைத்தவர்களுக்குள்ளும் சொத்தும் கடமையும் கூட்டாகவே தொடர்வதைக் காட்டினார். இன்னொரு சமூகவியலாளர் ஏ.எம். ஷா 1973இல் குடித்தனமும் குடும்பமும் வேறு வேறு என்று பிரித்துக் காட்டினார். அவர் ஒரு குஜராத் கிராமத்தின் 1825ஆம் ஆண்டுப் பதிவேட்டைத் தேடி எடுத்து, அந்தக் காலத்திலேயே சிறு குடித்தனங்கள் நிறைய இருந்ததைக் கண்டார். "அந்தக் காலத்துல எல்லாரும் ஒண்ணா இருந்தாங்க" என்பதற்கு இதைவிட நல்ல மறுப்பு கிடையாது.

சிக்கல்கள் எங்கே வரும் என்றும் சொல்லிவிடுகிறேன். மாதத்துக்கு ஒரு மகன் வீடு என்று சுற்றிவரும் பாட்டி இரண்டு தாளிலும் ஏறிவிடுவார், அல்லது எதிலும் ஏறமாட்டார். திருப்பூரிலோ துபாயிலோ இருக்கும் அப்பாவைப் பிள்ளைகள் சேர்த்துத்தான் எழுதுவார்கள். விடுதியில் இருக்கும் மாணவரின் கதி இன்னும் வேடிக்கை: தேசிய மாதிரி ஆய்வின் விதிப்படி விடுதியில் தங்கியிருக்கும் ஒவ்வொருவரும் தனித்தனி ஒற்றையாள் குடித்தனம். இவற்றை முன்கூட்டித் திருத்திக்கொடுக்காதீர்கள். தகராறு வகுப்பில் வரட்டும். "ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் சேர்க்க வேண்டாம்" என்கிற விதியை அவர்களே கேட்டு வாங்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை
நல்ல பயிற்சி. ஆனால் அந்த 80 தாளை வைத்து "நம் ஊரில் இத்தனை சதவீதம் கூட்டுக் குடும்பம்" என்று யாராவது எழுதினால் பேனாவைப் பிடுங்கிவிடுங்கள்.

மாணவரின் சொந்த வீடு என்றாலே அதில் கல்லூரி வயதுப் பிள்ளை ஒன்று கட்டாயம் இருக்கும். பிள்ளைகள் வெளியூர் போய்விட்ட வயதான தம்பதி, தனியாக வாழும் விதவை, புதிதாகக் கல்யாணமானவர்கள், யாருமே உள்ளே வர வழியில்லை. போதாக்குறைக்கு, கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் இரண்டு பேர் உள்ள வீடு மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பு. ஆகப் பெரிய குடித்தனங்கள் அளவுக்கு மீறித் தெரியும்.

தாள் எண்ணிக்கையைக் கூட்டினால் இது சரியாகாது. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை ஏறக்குறைய ஒரு கோடிப் பேருக்கு அட்டை அனுப்பி, 20 லட்சத்துக்கு மேல் பதில் வாங்கி, ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லேண்டன் ஜெயிப்பார் என்றது. ரூஸ்வெல்ட் அமோகமாக வென்றார். முகவரிகளை டெலிபோன், கார் பட்டியல்களில் எடுத்திருந்தார்கள். அட்டை பெற்றவர்களிலும் நால்வரில் ஒருவர் அளவுக்குத்தான் பதில் போட்டார்கள். பல மடங்கு சிறிய மாதிரியை வைத்து, கருத்துக்கணிப்பு நடத்திய கேலப் சரியாகச் சொன்னார்.

இரண்டாவது வீட்டையாவது ஒழுங்காகத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். தெருமுனையிலிருந்து இடப்பக்கம் ஐந்தாவது வீடு. பூட்டியிருந்தால் மாலையில் மறுபடி போக வேண்டும். பூட்டியிருக்கிறது என்று அடுத்த வீட்டுக்குத் தாவினால், பகலில் ஆள் இருக்கிற வீடுகளின் கணக்குத்தான் வரும். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடுகள் கழன்றுவிடும். பலகையில் "சொந்த வீடு", "ஐந்தாம் வீடு" என்று தனித்தனியாக எண்ணி ஒப்பிட்டால் தேர்வுச் சாய்வு, அதாவது மாதிரி ஒரு பக்கமாகச் சாய்வது, என்ன என்பது கண்ணுக்கே தெரியும்.

"எத்தனை வீடு போதும்?" என்று கட்டாயம் கேட்பார்கள். 95 சதவீத நம்பகம், கூடக்குறைய 5 சதவீதப் புள்ளி பிழை என்றால்: 1.96ஐ (95 சதவீத நம்பகத்துக்கான எண்) 1.96ஆல் பெருக்கி, அதை 0.25ஆல் (பாதிக்குப் பாதி என்று வைத்தால் 0.5 × 0.5) பெருக்கி, 0.0025ஆல் (0.05 × 0.05) வகுத்தால் 384. கிராமத்தில் மொத்தமே 600 வீடுதான் என்றால் சிறிய மொத்தத்துக்கான திருத்தம் போட்டு ஏறக்குறைய 234 போதும். இது குலுக்கல் முறையில் எடுத்த மாதிரிக்கு மட்டும். தெரிந்தவர் வீடாகப் பார்த்துப் போன 384க்கு இந்தச் சூத்திரம் பொருந்தாது. முதுகலை ஆய்வேடுகளில்கூட இந்தக் கூத்து நடக்கிறது.

மூன்றாம்_பெஞ்ச்
நான் மாணவன்தான், தப்பா எடுத்துக்காதீங்க. குடும்பம், கல்யாணம், சாதி எல்லாம் நமக்குத் தெரிஞ்சதுதானே? தெரிஞ்சதையே கஷ்டமான பேர் வச்சுப் படிக்கிற மாதிரி இருக்கு. அப்புறம் சோசியாலஜிக்கும் எம்.எஸ்.டபிள்யூ.வுக்கும் (முதுகலைச் சமூகப்பணி) என்ன வித்தியாசம்?

அல்லி
தம்பி, தப்பே இல்லை, எல்லா வகுப்பிலும் முதல் வாரம் எழும் கேள்விதான். பொன்னி மேடம் இதையே மூன்றாம் மணி நேரத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். முதலில் ஊகத்தை எழுதவைத்து, அப்புறம் எண்ணைக் காட்ட வேண்டும். இதில் வரிசை மாறக் கூடாது. எண்ணைப் பார்த்த பிறகு "இது எனக்கு முன்னாடியே தெரியும்" என்று சொல்வது மனித இயல்பு.

ஒரு கேள்வி: பெண் குழந்தைகள் குறைவது வறுமையாலா? பெரும்பாலும் "ஆமாம், படிப்பில்லாதவங்கதான்" என்று எழுதுவார்கள். இயல்பாகப் பிறப்பில் 100 பெண்ணுக்கு 105 ஆண் என்ற அளவில் இருக்கும், அதாவது 1000 ஆணுக்கு 950 பெண் சொச்சம். 2001 கணக்கெடுப்பில் 0 முதல் 6 வயது வரை 1000 ஆண் குழந்தைகளுக்குத் தமிழ்நாட்டில் 942 பெண் குழந்தைகள், சேலம் மாவட்டத்தில் 851. அந்த வட்டாரம் வறண்டு கிடந்த இடம் அல்ல, தறியும் லாரியும் மரவள்ளியும் பணம் புரட்டிய பகுதி. நாட்டளவில் பார்த்தாலும் அன்று பஞ்சாபும் ஹரியானாவும்தான் கடைசியில் நின்றன. வரதட்சணை, சொத்து ஆண் வாரிசுக்குப் போவது, ஒன்றிரண்டு பிள்ளை போதும் என்ற முடிவு, ஸ்கேன் வசதி, இவை சேர்ந்தால் கையில் காசு வருவதே பெண் குழந்தைக்கு எதிராகத் திரும்பலாம். 2011இல் சேலம் 910ஐத் தாண்டிவிட்டது. கடலூரும் அரியலூரும் 900க்குக் கீழே இருந்தன. மாநில எண் 943, அதாவது அசையவே இல்லை! மாநில சராசரியை மட்டும் பார்த்தவருக்கு உள்ளே நடந்தது எதுவும் தெரிந்திருக்காது.

ஒரு எச்சரிக்கை: இது பிறப்பு விகிதம் அல்ல. பிறந்த பிறகு நேரும் இறப்பும், வயதைத் தவறாகச் சொல்வதும் இதில் கலந்திருக்கும். "இத்தனை கருக்கலைப்பு நடந்தது" என்று இதிலிருந்து நேராகச் சொல்ல முடியாது.

எம்.எஸ்.டபிள்யூ. ஒரு தொழிற்கல்வி. குறிப்பிட்ட ஒருவருக்கோ குழுவுக்கோ உதவப் பயிற்சி தருவது, நிறுவனங்களில் களப்பணி கட்டாயம். சமூகவியல், அந்த உதவி யாருக்கு, ஏன், எப்போதிருந்து தேவைப்படுகிறது என்று கேட்பது. ஒருவர் குடியை நிறுத்த உதவுவது அங்கே. எந்த வேலைக்குப் போகிறவர்களிடம் குடி அதிகம், சம்பளம் வாரக்கூலியாக வருவதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்று பார்ப்பது இங்கே.

வடகரையான்
அல்லி அம்மா சொல்வது சரி. ஆனால் உதாரணம் என்றால் துர்கைமின் 1897ஆம் ஆண்டுத் தற்கொலை ஆய்வுதானே எல்லா இடத்திலும் முதலில் வரும்?

அல்லி
வரும். முதல் வாரம் வேண்டாம் என்பேன் சார். 40 பேர் இருக்கும் அறையில் யார் வீட்டில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியாது. இரண்டாம் செமஸ்டரில், முன்பே சொல்லிவிட்டு நடத்தலாம். செய்முறையாகக் கொடுக்கவே கூடாது. அதே கருத்தை, அதாவது தனி முடிவு போலத் தெரிவதில் சமூக ஒழுங்கு இருக்கிறது என்பதை, நேரக் கணக்கை வைத்தே காட்டிவிடலாம்.

மத்திய அரசின் நேரப் பயன்பாட்டு ஆய்வு 2019இல் நாடு முழுக்க நடந்தது. அதிகாலை 4 மணி தொடங்கி மறுநாள் 4 மணி வரை, அரை மணி அரை மணியாக என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். வகுப்பிலும் அப்படியே செய்யலாம். 48 கட்டம் போட்ட ஒரு தாள், வீட்டில் ஓர் ஆண், ஒரு பெண், இருவருக்கும் நேற்றைய பொழுது. ஞாயிறு என்றால் ஞாயிறு என்று மேலே எழுத வேண்டும். பெண்களுக்கான தாளில் "சும்மா இருந்தேன்" என்று வரும் இடத்தில் விடாமல் துருவச் சொல்லுங்கள்: அப்போது குழந்தை யாரிடம் இருந்தது, அடுப்பில் என்ன இருந்தது, தண்ணீர் வந்ததா. ஒரு கட்டத்தில் இரண்டு வேலை இருந்தால் இரண்டையும் எழுத இடம் விடுங்கள். விடவில்லையென்றால் பிள்ளை பார்ப்பது சமையலுக்குள் மறைந்துவிடும்.

இனி எண்ணுக்கு வருவோம். சம்பளமில்லா வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம் என்று செய்திகளில் வந்தது. மூன்று மடங்கு என்று எல்லோரும் எழுதினார்கள். ஆனால் அது அன்று அந்த வேலையைச் செய்தவர்களின் சராசரி மட்டும். பெண்களில் 81.2 சதவீதம் பேர் செய்தார்கள், ஆண்களில் 26.1 சதவீதம். செய்யாதவர்களையும் சேர்த்துப் பெருக்கிப் பாருங்கள்: பெண்களுக்கு ஏறக்குறைய 243 நிமிடம், ஆண்களுக்கு 25. இடைவெளி மூன்று மடங்கிலிருந்து பத்து மடங்குக்குப் போய்விடுகிறது. இந்த ஒரு கணக்கை மாணவர்கள் தங்கள் கையால் போட்டால், செய்தித்தாளில் சராசரி என்று வந்தாலே "யாருடைய சராசரி?" என்று கேட்கப் பழகிவிடுவார்கள்.

திண்ணை
எல்லாம் சரி, மூன்று நாளும் எண்ணிக்கொண்டே இருந்தால் புள்ளியியல் துறைக்கு வந்துவிட்டோமோ என்று பிள்ளைகள் பயந்துவிடுவார்கள். எண்ணத் தொடங்குவதற்கு முன்பே ஒரு கேள்வி வேண்டும், அதைக் கொடுப்பதுதான் கோட்பாடு. அமெரிக்கச் சமூகவியலாளர் சி. ரைட் மில்ஸ் 1959இல் சொன்னதை ஒரு வரியில் தரலாம்: ஒரு லட்சம் பேர் வாழும் நகரத்தில் ஒருவருக்கு வேலை இல்லை என்றால் அது அவருடைய தொல்லை, 5 கோடித் தொழிலாளர்களில் 1.5 கோடிப் பேருக்கு வேலை இல்லை என்றால் அது நாட்டின் பிரச்சினை, அவர்களுடைய குணத்தில் காரணம் தேடிப் பயனில்லை. தான் இந்தத் துறைக்கு வந்து சேர்ந்ததையே இப்படிப் பார்க்கச் சொல்லுங்கள்: எந்த மதிப்பெண், எந்த ஊர், எந்த பஸ், எவ்வளவு கட்டணம். சிரித்துக்கொண்டே தொடங்குவார்கள், பத்து நிமிடத்தில் அறை அமைதியாகிவிடும்.

நான்காம் நாளுக்கு என் பரிந்துரை இருவேல்பட்டு. சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருளியல் பேராசிரியராக 1915இல் வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், தன் மாணவர்களையே கிராமங்களுக்கு அனுப்பித் தகவல் திரட்டவைத்தார். 1918இல் அது நூலாக வந்தது. இன்றைய விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டு, நெல்லைப் பக்கம் கங்கைகொண்டான், இன்னும் சில ஊர்கள். பிறகு 1930களில் தொடங்கி வெவ்வேறு ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப இருவேல்பட்டுக்குப் போனார்கள். 1916 முதல் 2008 வரை ஒரே ஊரில் நிலம் யார் கையில் இருந்தது, பண்ணையாள் முறை எப்படித் தேய்ந்தது, கூலி எங்கிருந்து வந்தது என்று பின்தொடர முடிகிறது. உலகத்தில் நிறைய ஊர்களுக்கு இந்தப் பாக்கியம் இல்லை. தஞ்சாவூரில் மானுடவியலாளர் கேத்லீன் கஃப் 1951இல் பார்த்த ஊரை 1976இல் மறுபடி போய்ப் பார்த்தார். சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் 1965 நூலில் சாதி, வர்க்கம், அதிகாரம் மூன்றும் முன்பு ஒரே கையில் இருந்து பிறகு தனித்தனியாகப் பிரிவதைக் காட்டியதும் ஒரு தஞ்சை ஊரை வைத்துத்தான். முதல் கணக்கைத் திரட்டியவர்களில் பி.ஏ. மாணவர்கள் இருந்தார்கள் என்பதைச் சொல்லுங்கள், வேறு ஊக்க உரை தேவையில்லை.

மூன்றாம்_பெஞ்ச்
அப்போ வேலை?

நெய்தல்
நேராகச் சொல்லிவிடலாம் தம்பி. பி.ஏ. சமூகவியல் பட்டத்தை மட்டும் காட்டினால் தருகிறேன் என்று காத்திருக்கும் வேலை அதிகம் இல்லை. பட்டத்தோடு கைவேலையும் கற்றவர்களுக்கு உண்டு. வினாப்பட்டியல் எழுதி, 10 வீட்டில் முன்னோட்டம் பார்த்துத் திருத்துவது. பதில்களுக்குக் குறியீடு போட்டு எக்செல்லில் ஏற்றுவது. 6 முதல் 10 பேர் வரை உட்காரவைத்துக் குழு விவாதம் நடத்துவது. ஒலிப்பதிவைக் கேட்டு எழுதுவது (ஒரு மணி நேரப் பதிவுக்கு நாலைந்து மணி நேரம் பிடிக்கும், வட்டாரப் பேச்சு என்றால் இன்னும் கூட). சர்வே நிறுவனங்களும் தொண்டு நிறுவனங்களும் தேடுவது இதைத்தான்.

2013 நிலம் கையகப்படுத்தல் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீட்டைக் கேட்கிறது: ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும், பாதிக்கப்படும் இடத்தில் பொது விசாரணை வேண்டும். அறிக்கையைச் சரிபார்க்கும் நிபுணர் குழுவில் அரசு சாராத சமூக அறிவியலாளர் இருவர் இருக்க வேண்டும் என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது. விதிவிலக்குகள் பல உண்டு, இருந்தும் இது சமூகவியலுக்குச் சட்டமே தந்த இடம்.

குடிமைப் பணித் தேர்வில் விருப்பப் பாடமாக எடுத்தால் 1750இல் 500 மதிப்பெண். ஆனால் அதைச் சொல்லிப் பிள்ளைகளைப் பிடிக்காதீர்கள் மேடம். அங்கே பொறியியல் படித்தவர்களும் இதே பாடத்தை எடுத்து எழுதுகிறார்கள். கல்லூரி ஆசிரியர் ஆக முதுகலையும் நெட் அல்லது செட் தகுதித் தேர்வும் வேண்டும். பள்ளி ஆசிரியர் வேலையை நினைத்து வந்தவர்கள் இருந்தால், எந்தப் பாடத்துக்குப் பி.எட். இடமும் பணியிடமும் உண்டு என்று முதலாண்டிலேயே விசாரிக்கச் சொல்லுங்கள். மூன்றாம் ஆண்டில் தெரிந்து பயனில்லை.

பொன்னி
மிக்க நன்றி. முதல் இரண்டு நாள் குடித்தனப் படிவம், மூன்றாம் நாள் ஊகக் கேள்வியும் நேரத் தாளும், நான்காம் நாள் இருவேல்பட்டு, ஐந்தாம் நாள் வடகரையான் சாரின் ஆண்டுகளும் வரையறைகளும் என்று வைத்துக்கொள்கிறேன். இரண்டு சந்தேகம். படிவத்தில் தொழிலும் சாதியும் சேர்க்கலாமா? இந்தத் தாள்களை அடுத்த ஆண்டு வகுப்புக்கும் பயன்படுத்தலாமா?

அல்லி
சாதி இப்போது வேண்டாம். ஆய்வுக்கு அது தேவையில்லை என்பதால் சொல்லவில்லை, கட்டாயம் தேவை. ஆனால் பெயர் எழுதாவிட்டாலும் 40 பேர் வகுப்பில் கையெழுத்தும் தெருவும் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். தாளை எண்ணுவது பக்கத்து பெஞ்ச் மாணவர்தானே. இரண்டாம் ஆண்டில், இரகசியம் காப்பது எப்படி என்று நடத்திய பிறகு கேட்கலாம்.

தொழில் சேர்க்கலாம். "விவசாயம்" என்று ஒற்றைச் சொல்லாக மட்டும் வாங்காதீர்கள். சொந்த நிலமா, குத்தகையா, கூலிக்கா என்று பிரித்துக் கேட்க வேண்டும். கணக்கெடுப்பிலேயே சாகுபடியாளர் வேறு, விவசாயத் தொழிலாளர் வேறு. ஆண்டில் ஆறு மாதம் அல்லது அதற்கு மேல் வேலை செய்தவர்தான் அங்கே முதன்மைத் தொழிலாளர். நடவுக்கும் களைக்கும் மட்டும் போகிற பெண்கள் அந்தக் கோட்டுக்குக் கீழே விழுந்துவிடுவார்கள். எத்தனை மாதம் என்றும் ஒரு கட்டம் விடுங்கள்.

கணக்குப்பிள்ளை
தாள்களைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம், மூன்று காரியம் செய்தால். ஒவ்வொன்றுக்கும் வரிசை எண். நிரப்பிய தேதி. எந்த வரையறைப்படி எண்ணினீர்கள், பாட்டியையும் துபாய் அப்பாவையும் என்ன செய்தீர்கள் என்று எழுதிய ஒரு பக்கக் குறிப்பு, கட்டின் மேலேயே பின் போட்டு. அந்தக் குறிப்பு இல்லாத கட்டை மூன்று வருடம் கழித்து எடுத்துப் பார்த்தால் பழைய பேப்பர் கடைக்குத்தான் ஆகும். கேள்வியின் சொற்களை அடுத்த ஆண்டு மெருகேற்றத் தோன்றும், விட்டுவிடுங்கள். மாற்றியே ஆக வேண்டும் என்றால் ஒரு வருடம் பழைய கேள்வி, புதிய கேள்வி இரண்டையும் ஒரே தாளில் கேளுங்கள். எண் மாறியது ஊராலா, கேள்வியாலா என்று பிரித்துச் சொல்ல முடியும்.